முதலாமாண்டு வேதியியல் மாணவர்களுக்கு ஃபெட் சிமுலேஷன்கள்: ஓர் ஆசிரியையின் மதிப்பீடு

கல்லூரி முதலாமாண்டு மாணவர்களுக்கு வேதியியல் செய்முறை வகுப்பு எடுப்பவள் என்ற முறையில், அமெரிக்காவின் போல்டர் நகரிலுள்ள கொலராடோ பல்கலைக்கழகம் இலவசமாக வழங்கும் ஃபெட் சிமுலேஷன்களை, அதாவது திரையில் இயக்கிப் பார்க்கும் செய்முறை மாதிரிகளைச் சில ஆண்டுகளாக மாணவர்களோடு பயன்படுத்தி வருகிறேன். 2001-இல் இயற்பியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட கார்ல் வீமன் 2002-இல் தொடங்கிய திட்டம் இது. முதலில் இயற்பியலுக்கென்று உருவானாலும், இன்று வேதியியலுக்கும் போதுமான அளவு இருக்கிறது. கைபேசி உலாவியில் திறந்தாலே இயங்கும். சில சிமுலேஷன்கள் தமிழிலும் கிடைக்கின்றன.

நான் முதலில் திறக்கச் சொல்வது மோலாரிட்டி, அதாவது ஒரு லிட்டர் கரைசலில் எத்தனை மோல் கரைபொருள் இருக்கிறது என்பது பற்றியதை. ஒரு நகர்த்தியில் கரைபொருளின் மோல் அளவையும் இன்னொன்றில் கரைசலின் கனஅளவையும் மாற்றலாம். மாற்ற மாற்றக் கரைசலின் நிறம் அடர்ந்தும் வெளுத்தும் தெரியும். 1 லிட்டரில் 0.5 மோல், அரை லிட்டரில் 0.25 மோல் என இரு விதமாகவும் வைத்துப் பார்க்கும் மாணவர், இரண்டிலும் ஒரே நிறம் வருவதைக் கண்டபின் மோலையும் மோலாரிட்டியையும் ஒன்றென எழுதுவதில்லை. பொட்டாசியம் பெர்மாங்கனேட்டைத் தேர்ந்தெடுத்தால் செறிவு 0.5 மோலாரை எட்டுவதற்கு முன்பே நின்றுவிடும். மிச்ச உப்பு அடியில் படியும். தெவிட்டிய கரைசலுக்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தைக் கரும்பலகையில் என்னால் தர முடிந்ததில்லை.

ஆனால் அந்தக் கரைசலை எப்படித் தயாரிப்பது என்பதை அது காட்டுவதில்லை. 1 லிட்டர் தண்ணீரை அளந்து அதில் உப்பைக் கொட்டுவதுதான் புதிய மாணவர்கள் பலரும் செய்யும் தவறு. எடைபோட்ட உப்பைச் சிறிதளவு நீரில் கரைத்து, திட்டக் குடுவைக்கு மாற்றி, கழுத்திலுள்ள கோடுவரை நீர் சேர்க்க வேண்டும் என்பதை ஆய்வகத்தில் நாம்தான் கைபிடித்துக் காட்ட வேண்டியிருக்கிறது. நம் செய்முறைக் குறிப்பேடுகள் பலவும் இன்னும் நார்மாலிட்டியில்தான் (வினையில் ஒரு மோல் பரிமாறும் ஹைட்ரஜன் அயனி அல்லது எலக்ட்ரான் எண்ணிக்கையால் மோலாரிட்டியைப் பெருக்கிய அளவு) கணக்குப் போடுகின்றன என்பது இன்னொரு சிக்கல். லிட்டருக்கு 6.3 கிராம் படிக ஆக்சாலிக் அமிலம் என்றால் அது 0.1 நார்மல், மோலாரிட்டியில் 0.05 மட்டுமே. அமில ஊடகத்தில் 0.1 நார்மல் பெர்மாங்கனேட் 0.02 மோலார்தான். இந்த மாற்றத்தை முன்கூட்டியே சொல்லிக் கொடுக்காவிட்டால், திரையில் நன்றாகப் புரிந்துகொண்ட மாணவர்கூட ரெக்கார்டு நோட்டில் தடுமாறுவார்.

இவற்றுள் எனக்கு மிகவும் பிடித்தது அமில, காரக் கரைசல்கள் பற்றிய சிமுலேஷன். அடர் அமிலம் என்றால் வலிமை மிக்க அமிலம் என்ற தவறான எண்ணம் பள்ளியிலிருந்தே பலரிடம் ஊறிப்போயிருக்கிறது. இங்கே செறிவுக்கு ஒரு நகர்த்தியும் வலிமைக்கு வேறொரு நகர்த்தியும் தனித்தனியாக இருப்பதால் அந்த எண்ணம் தானாகவே கலைகிறது. வலிமை குறைந்த அமிலத்தில் அயனிகளாகப் பிரியாத மூலக்கூறுகளே நிறைந்திருப்பதையும், கரைசல் வழியே மின்சாரம் பெறும் விளக்கு மங்கலாக எரிவதையும் மாணவர்கள் கண்ணால் பார்க்கிறார்கள். அதன்பின் நான் கேட்பது இதைத்தான்: 0.01 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் பிஹெச் (குறையக் குறைய அமிலத்தன்மை கூடுவதைக் காட்டும் அளவு) 2, அதே செறிவுள்ள அசிட்டிக் அமிலத்துக்கோ ஏறக்குறைய 3.4, அப்படியிருக்க, இரண்டிலும் 20 மில்லி எடுத்து நடுநிலையாக்கினால் சோடியம் ஹைட்ராக்சைடு ஏன் சம அளவில் செலவாகிறது? ஹைட்ரஜன் அயனிகள் தீரத் தீரப் பிரியாத மூலக்கூறுகளும் பிரிந்துகொண்டே வரும் என்று ஒருவர் சொல்லிவிட்டால், அசிட்டிக் அமிலத்துக்கு நிறங்காட்டியாக மெத்தில் ஆரஞ்சு ஏன் உதவாது, பினாப்தலீன் ஏன் தேவை என்பதை மனப்பாடம் செய்ய வேண்டிய அவசியமே இருக்காது.

வினைபடுபொருள்களில் எது முதலில் தீரும் என்பதைச் சாண்ட்விச் செய்து காட்டும் சிமுலேஷனும் நன்று. பள்ளியில் அந்தக் கணக்கு புரிந்தவர்கள் அதைத் தாண்டிச் செல்லலாம்.

ஆய்வகத்தில் கைக்கு வர வேண்டிய பழக்கத்தை மட்டும் எந்தத் திரையிலும் பெற முடியாது. கரைசலை அளந்து சொட்டாக விடும் கண்ணாடிக் குழாயான பியூரெட்டை அதில் நிரப்பப்போகும் கரைசலாலேயே அலச வேண்டும். கூம்புக் குடுவையை வாலை வடிநீரால் மட்டும் கழுவ வேண்டும். பெர்மாங்கனேட்டின் கருஞ்சிவப்பில் கீழ் வளைவு தெரியாததால் மேல்மட்டத்தைப் பார்த்து அளவு குறிக்க வேண்டும். ஆக்சாலிக் அமிலத்தை 60 முதல் 70 டிகிரிவரை சூடாக்காமல் பெர்மாங்கனேட்டைச் சேர்த்தால் முதல் சொட்டின் நிறம் மறைய நெடுநேரமாகும். அந்த நிறத்தையே முடிவுநிலை என்று எண்ணி நிறுத்திவிடுபவர்களும் உண்டு.

ஆகவே இதைச் செய்முறை வகுப்புக்கு முந்தைய இரவு, அரைமணி நேரம் மட்டும் பயன்படுத்தும்படி சொல்கிறேன். நகர்த்தியைத் தொடுவதற்கு முன் என்ன நடக்கும் என்று அப்சர்வேஷன் நோட்டில் எழுதிவிட வேண்டும் என்பது என் நிபந்தனை. எழுதாமல் விளையாடிப் பார்ப்பவர்களுக்குப் பெரிதாக எதுவும் தங்குவதில்லை. இந்த ஆண்டு பினாப்தலீன் சேர்த்த வினிகரில் சோடியம் ஹைட்ராக்சைடை விட்டுத் தரம் பார்த்துக்கொண்டிருந்த மாணவி ஒருவர், சொட்டு விழுந்த இடத்தில் இளஞ்சிவப்புத் தோன்றி, குடுவையைச் சுழற்றியதும் மறைவதைக் கண்டு, “இன்னும் அமிலம் மிச்சம் இருக்கு மேடம், பிரியாம இருந்ததெல்லாம் இப்பதான் பிரிஞ்சு வருது” என்று சொல்லிவிட்டு, பியூரெட்டின் திருகை மெல்ல மூடிச் சொட்டுச் சொட்டாக விடத் தொடங்கினார்.