பெட்ரோல் நிலையமா, கடைத்தொகுதியா, புளோக்குக்குக் கீழேயா? மின்காருக்கு எங்கே சார்ஜ் போடுவது

சிங்கப்பூரில் மின்கார் வைத்திருப்பவர்கள் இரண்டு பேர் சந்தித்தால், "நீங்க போடற இடத்துல யூனிட் எவ்வளவு?" என்று ஆரம்பித்துவிடுவார்கள். அந்த விலையை மட்டும் வைத்து இடத்தைத் தேர்ந்தெடுத்தால் கணக்கு உதைக்கும். சார்ஜ் ஏறும் நேரத்துக்கு நிறுத்துமிடக் கட்டணம் எவ்வளவு, அந்த நேரத்தில் நமக்கு அங்கே வேறு வேலை உண்டா என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் எது மலிவு என்று தெரியும். 2024இல் பதிவான புதுக் கார்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று மின்கார். அதனால் இது இனி நம் பக்கத்து வீட்டுக்காரரின் கேள்வியும்தான்.

கணக்குக்கு ஒரு காரை எடுத்துக்கொள்வோம். பிஒய்டி ஆட்டோ 3இன் 60 யூனிட் பேட்டரி (ஒரு யூனிட் என்பது ஒரு கிலோவாட்-மணி). 20 விழுக்காட்டிலிருந்து 80க்கு ஏற்ற 36 யூனிட் வேண்டும். மெதுவான ஏசி (மாறுதிசை மின்சாரம்) மின்னூட்டிகளில் யூனிட் சுமார் 50 முதல் 60 காசு, வேகமான டிசியில் (நேர்திசை மின்சாரம்) 60 முதல் 80 காசு என்று வைத்துக்கொள்ளலாம். நிறுவனத்துக்கு நிறுவனம் இது மாறும், அடிக்கடியும் மாறும்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) நிறுத்துமிடம்

இங்கே பெரும்பாலும் இருப்பது 7.4 கிலோவாட் ஏசி. 36 யூனிட் ஏற ஐந்து மணி நேரம் ஆகும். கேட்டால் மலைப்பாக இருக்கும், ஆனால் இரவில் பத்து மணி நேரம் கார் சும்மாதானே நிற்கிறது. நாளைக்கு 50 கிலோமீட்டர் ஓடும் காருக்கு எட்டு யூனிட்டே போதும், அதாவது ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். வாரத்துக்கு ஒரு முறை, மிஞ்சிப்போனால் இரண்டு முறை செருகினால் போதும். மாதக் கட்டண அனுமதி உங்கள் நிறுத்துமிடத்துக்கே இருந்தால் சார்ஜ் போடுவதற்காகத் தனியாக நிறுத்தக் கட்டணம் கிடையாது. மூன்று வழிகளில் இதுதான் மலிவு, சந்தேகமே இல்லை.

இந்த மலிவு உங்கள் புளோக்கில் மட்டும்தான். உங்கள் நிறுத்துமிடத்தில் இடம் இல்லாமல் பகலில் வேறொரு பேட்டையில் போய்ச் செருகினால், மத்திய வட்டாரத்துக்கு வெளியே அரை மணி நேரத்துக்கு 60 காசு ஓடும். ஐந்து மணி நேரத்துக்கு ஆறு வெள்ளி. அதை 36 யூனிட்டில் பகிர்ந்தால் யூனிட்டுக்கு 17 காசு கூடுகிறது. 55 காசு என்று நினைத்தது 72 ஆகிவிடும், வேகமோ அதே மெதுவான வேகம். இரவு 10.30 மணிக்கு மேல் என்றால் ஐந்து வெள்ளி உச்சவரம்பு இருப்பதால் கொஞ்சம் தப்பிக்கலாம்.

இன்னொன்று, இரவு ஒரு மணிக்கு சார்ஜ் முடிந்தால் யார் இறங்கிப் போய்க் காரை நகர்த்துவது? சில நிறுவனங்கள் முடிந்த பிறகும் செருகியே வைத்திருந்தால் தனிக் கட்டணம் போடுகின்றன. செருகும் முன் செயலியில் அதைப் பார்த்துவிடுங்கள். மாலையில் வேலை முடிந்து வரும் நேரத்தில் மின்னூட்டிகளில் கூட்டம் இருக்கலாம்.

பெட்ரோல் நிலையம்

2019இல் ஷெல் செங்காங் நிலையத்தில் 50 கிலோவாட் டிசி மின்னூட்டியை வைத்தபோது பலரும் வேடிக்கையாகத்தான் பார்த்தார்கள். இப்போது மற்ற நிறுவனங்களின் நிலையங்களிலும் இருக்கிறது. 50 கிலோவாட்டில் அந்த 36 யூனிட் ஏற முக்கால் மணி நேரம். இன்னும் பெரிய மின்னூட்டி என்றால் அரை மணிக்குப் பக்கத்தில் வரும். அதற்கு மேல் குறையாது, காரே அவ்வளவு வேகத்தை வாங்கிக்கொள்ளாது.

இங்கே நிறுத்தக் கட்டணம் கிடையாது என்பதைப் பலர் கணக்கில் சேர்ப்பதில்லை. யூனிட் 70 காசு என்றால் 25 வெள்ளி 20 காசு, அதோடு முடிந்தது. வீவகவின் 55 காசோடு ஒப்பிட்டால் சுமார் ஐந்தரை வெள்ளி அதிகம். எங்கள் புளோக்கில் தனியார் வாடகைக் கார் ஓட்டும் ஓர் அண்ணனிடம் இதைச் சொன்னேன். "அஞ்சு வெள்ளி மிச்சம் பிடிக்கிறேன்னு அஞ்சு மணி நேரம் நின்னா, வீட்டுக்கு என்னத்தக் கொண்டு போறது தம்பி?" என்றார். அவருடைய கார் நாளைக்கு 200 கிலோமீட்டர் ஓடுகிறது, இரவில் இன்னொருவர் எடுத்துக்கொள்கிறார். அவருக்கு இரவு சார்ஜ் என்ற பேச்சே கிடையாது.

குறைகளும் உண்டு. ஒரு நிலையத்தில் இருப்பதே ஒன்றிரண்டு மின்னூட்டிகள். முன்னால் ஒருவர் 70 விழுக்காட்டில் செருகியபடி உட்கார்ந்திருந்தால் உங்கள் மாலை போச்சு. 80க்கு மேல் வேகம் நன்றாகவே குறைந்துவிடும். அதற்கு மேல் அங்கே காத்திருப்பது உங்களுக்கும் நட்டம், பின்னால் நிற்பவருக்கும் நட்டம். பெட்ரோல் அடிக்க ஊழியர் ஓடி வருவார், சார்ஜ் செருகுவது நம் வேலைதான். மழை நாளில் கூரைக்கு வெளியே நின்று அந்தக் கனத்த கேபிளை இழுப்பது சுகமான காரியம் இல்லை.

கடைத்தொகுதி

ஏமாறுவதற்கு வாய்ப்பு அதிகம் இருப்பது இங்கேதான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

பல கடைத்தொகுதிகளில் இருப்பது ஏசி மின்னூட்டி. மேலே 22 கிலோவாட் என்று எழுதியிருக்கும். சரி, வீட்டுப் பக்கம் இருப்பதைவிட மூன்று மடங்கு வேகம் என்று செருகினால் திரையில் 7 என்று காட்டும், அதற்கு மேல் நகராது. மின்னூட்டியில் பழுது எதுவும் இல்லை. ஏசி மின்சாரத்தை டிசியாக மாற்றிப் பேட்டரிக்குக் கொடுக்கும் கருவி காருக்குள் இருக்கிறது, அதன் அளவுதான் எல்லை. ஆட்டோ 3இல் அது 7 கிலோவாட். சில கார்களில் 11. வாங்கும்போது விற்பனையாளர்கள் டிசி வேகத்தைத்தான் பெரிதாகச் சொல்வார்கள், இதை நாமாகக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆக, இரண்டு மணி நேரம் மளிகை வாங்கி, சாப்பிட்டு முடிப்பதற்குள் 14 யூனிட் ஏறும். யூனிட் 58 காசு என்றால் எட்டு வெள்ளிச் சொச்சம். நிறுத்தக் கட்டணம் ஐந்து வெள்ளி வந்தால் யூனிட்டுக்கு 36 காசு கூடி 94 ஆகிறது. இது பெட்ரோல் நிலையத்தைவிட அதிகம்! எப்படியும் அங்கே போகத்தான் போகிறீர்கள் என்றால் அந்த ஐந்து வெள்ளி வேறு கணக்கு, அப்போது 58 காசுதான் உண்மை விலை. சார்ஜ் போடுவதற்காகவே கடைத்தொகுதிக்குப் போவது மட்டும் கட்டுப்படியாகாது. போன இடத்தில் வாங்கிக் குவிப்பதை நான் இன்னும் கணக்கில் சேர்க்கவில்லை.

டிசி இருக்கும் கடைத்தொகுதி என்றால் கதை மாறும். டெஸ்லா 2021இல் இங்கே தன் சூப்பர்சார்ஜரைத் தொடங்கியபோது பெட்ரோல் நிலையத்தை விட்டுவிட்டு ஆர்ச்சர்ட் சென்ட்ரலைத் தேர்ந்தெடுத்தது யோசிக்க வேண்டிய விஷயம். முக்கால் மணி நேரத்தை நிழலில், குளிர்சாதனத்தில், கழிவறைக்குப் பக்கத்தில் கழிக்கலாம். பிள்ளைகளோடு போகும் குடும்பத்துக்கு அது பெரிய விஷயம்.

அப்புறம் அடித்தளம். நான்காம் அடித்தளத்தில் மின்னூட்டி இருக்கும், கைப்பேசியில் சிக்னல் இருக்காது. பெரும்பாலும் செயலி திறக்காமல் சார்ஜ் தொடங்காது. செருகிவிட்டு, சிக்னல் தேடி மேடேறிப் போய் 'தொடங்கு' என்று தட்டிவிட்டு வந்து பார்த்தால், கேபிள் சரியாகப் பொருந்தவில்லை என்று மறுபடியும் பூஜ்யம். செயலியைத் தரைமட்டத்திலேயே திறந்து, பணம் போட்டு வைத்துக்கொண்டு இறங்குங்கள்.

அப்படியானால் எது?

வீவக வீட்டில் இருந்து, வேலைக்குப் போய் வருபவருக்கு இரவு சார்ஜ்தான் அடிப்படை. ஆட்டோ 3இல் இருப்பது போன்ற எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) பேட்டரியை அவ்வப்போது 100 வரை ஏற்றச் சொல்கிறார்கள். அதற்கும் மெதுவான இரவு சார்ஜே பொருத்தம். வாடகைக் கார் ஓட்டுநர்களுக்குப் பெட்ரோல் நிலையம். கடைத்தொகுதியை நான் மூன்றாவதாகத்தான் வைப்பேன். தேக்காவுக்கோ வேறெங்கோ போகும் வழியில் காலி மின்னூட்டி தென்பட்டால் செருகலாம், தேடிக்கொண்டு போக வேண்டாம்.

தனி வீட்டுக்காரர்களுக்கு இந்த அலசலே தேவையில்லை. வீட்டு மின்சாரம் பொருள் சேவை வரியோடு யூனிட் 30 காசு அளவில் முடிந்துவிடுகிறது.

ஜொகூர் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. எல்லை தாண்டும் சிங்கப்பூர்க் காரில் முக்கால் டாங்க் எரிபொருளாவது இருக்க வேண்டும் என்ற விதி டாங்க் இருக்கும் கார்களுக்குத்தான், மின்காருக்கு இல்லை. அதற்காகப் பாதிச் சார்ஜில் கிளம்ப வேண்டாம். முந்தின இரவே புளோக்குக்குக் கீழே முழுதாக ஏற்றிவிடுங்கள். வெள்ளிக்கிழமை மாலை உட்லண்ட்ஸ் பக்கம் போய் ஏற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தால், அதே நினைப்பில் உங்களுக்கு முன்னால் நாலு பேர் நிற்பார்கள்.