சேலத்தில் எந்தப் புற்றுநோய் அதிகம்? எந்தக் கணக்கை நம்புவது?

பயாப்சி (சதைப் பரிசோதனை) லேப் நோட்டு, மருத்துவமனையின் புற்றுநோய்ப் பதிவேடு, மாவட்டத்தில் குடியிருப்பவர்களின் புற்றுநோயை எங்கே சிகிச்சை பெற்றாலும் பதியும் மக்கள்தொகைப் பதிவேடு. மூன்றையும் புரட்டினால் மூன்று விதமான பட்டியல் வரும்.

லேப் நோட்டு உடனே கைக்குக் கிடைக்கும். ஆனால் சதை எடுக்க எளிதான வாய், மார்பகம், கருப்பை வாய் புற்றுநோய்கள்தான் அதில் வரிசை கட்டி நிற்கும். ஸ்கேனோடு நின்றுபோகும் கல்லீரல், கணையக் கட்டிகள் அதில் ஏறுவதே இல்லை. போதாக்குறைக்கு ஒரே பெண்ணுக்கு ஊசிப் பரிசோதனை, பயாப்சி, ஆபரேஷனுக்குப் பிறகு ஒன்று என மூன்று எண் விழும். ஆளை எண்ணாமல் சீட்டை எண்ணினால் கணக்கு ஊதிவிடும். காப்பீட்டு பில்களை எண்ணினாலும் இதே தொல்லைதான், ஒவ்வொரு கீமோவுக்கும் ஒரு பில்.

மருத்துவமனைப் பதிவேடு ஆளுக்கு ஒரு பதிவு என்பதால் இதைவிட மேல். எத்தனை படுக்கை, எவ்வளவு மருந்து என்று திட்டமிட இதுதான் சரி. சிக்கல் சதவீதத்தில் இருக்கிறது. 100 பேரில் 30 பேருக்கு மார்பகம், 20 பேருக்குக் கருப்பை வாய் என்று வைத்துக்கொள்வோம். மார்பக நோயாளிகளில் 20 பேர் கோவைக்குப் போய்விட்டால் மிச்சம் 80. கருப்பை வாய் இப்போது 25 சதவீதம்! புதிதாக ஒருவருக்கும் நோய் வரவில்லை. கதிர்வீச்சுக் கருவி உள்ள இடத்தில் அந்தச் சிகிச்சை தேவைப்படும் கருப்பை வாய், தொண்டை நோயாளிகள் குவிந்தாலும் சதவீதம் இப்படித்தான் மாறும். அதில் தருமபுரி, நாமக்கல்காரர்களும் கலந்திருப்பார்கள்.

மாவட்டத்தைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் மக்கள்தொகைப் பதிவேடு ஒன்றுதான் எனக்கு ஏற்பு. ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 1981இல் தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. தமிழகம் முழுவதற்குமான பதிவு 2012இலிருந்து நடக்கிறது. ஏற்காட்டுக்காரர் ஒருவர் சேலத்தில் பயாப்சி, சென்னை அடையாறில் ஆபரேஷன், மறுபடி சேலத்தில் கீமோ என்று அலைந்தாலும் இதில் ஒரே ஆள்தான். இறப்புப் பதிவுகளையும் பார்ப்பதால் ஆஸ்பத்திரிப் பதிவில் விடுபட்டவர்களும் சிக்குவார்கள். லட்சம் பேருக்கு எத்தனை என்று வகுக்க ஒரு தொகையும் உண்டு: 2011 கணக்கெடுப்பில் சேலம் மாவட்டத்தில் சுமார் 34.8 லட்சம் பேர். குறை என்றால் தாமதம், அறிக்கை வர ஆண்டுகள் ஆகும்.

இதற்கும் அடிப்படை ஓ.பி. சீட்டில் எழுதும் முகவரிதான். தருமபுரிக்காரர் சேலத்து மச்சான் வீட்டு முகவரியைக் கொடுத்தால் நோய் சேலம் கணக்கில் ஏறிவிடும். குறைந்தது ஓராண்டாக எந்த ஊரில் குடியிருக்கிறார் என்று அந்தக் கவுன்ட்டரிலேயே கேட்டு எழுத வேண்டும்.