கூரை வடிகால்: எதை நாமே செய்யலாம், எதற்கு ஆள் வேண்டும்

சிங்கப்பூரில் தரைவீடு வைத்திருப்பவர்கள் கூரை விளிம்பில் மழைநீரை ஏந்தும் வடிகாலைப் பற்றிப் பேசினால் பேச்சு உடனே காசுக்குப் போய்விடுகிறது. ஆளுக்குக் கொடுப்பதா, நாமே ஏணியில் ஏறி மிச்சம் பிடிப்பதா? இரண்டு வழியையும் பல மழைக்காலம் பார்த்த பிறகு சொல்வது இது: இதில் இரண்டு வேலைகள் கலந்து கிடக்கின்றன. வண்டலை அள்ளுவது ஒன்று, தண்ணீர் தேங்காமல் மாதாமாதம் பார்ப்பது இன்னொன்று. அள்ளும் வேலையைக் கூலிக்கு விடலாம். பார்க்கும் வேலை, யாரை வைத்தாலும் வீட்டுக்காரருடையதுதான்.

காரணம் கொசு. ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர இங்குள்ள வெப்பத்தில் ஏறக்குறைய ஏழு நாள் போதும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து போகும் ஆள், இடையில் நடப்பதைத் தடுக்க முடியாது. முட்டை காய்ந்து கிடந்தாலும் பல மாதம் சாகாது, அடுத்த மழையில் பொரிக்கும். அதனால்தான் மாதம் ஒருமுறையாவது அடைப்பை எடுத்து, பி.டி.ஐ. குருணை போடச் சொல்கிறது தேசியச் சுற்றுப்புற வாரியம். பி.டி.ஐ. என்பது கொசுப்புழு தின்றால் மட்டும் கொல்லும் பாக்டீரியா. கனமழை அடித்துக்கொண்டு போனால் திரும்பப் போட வேண்டும். வீட்டில் புழு கண்டுபிடிக்கப்பட்டால் அபராதம் 200 வெள்ளியில் தொடங்குகிறது.

எதுவரை நாமே ஏறலாம்? கார் நிறுத்தும் முகப்புக் கூரை, பின்கட்டுச் சமையலறைக் கூரை என்று விளிம்பு மூன்று மீட்டருக்குள் இருந்து, ஏணியின் கால் சமதளமான சிமென்ட் தரையில் நிற்குமானால் தாராளமாகச் செய்யலாம். நாலு மீட்டர் ஏறினால் ஒரு மீட்டர் வெளியே தள்ளி வைக்கும் சாய்வு, கீழே பிடித்துக்கொள்ள இன்னொருவர், இரண்டும் கட்டாயம். ஏணியை வடிகாலின் விளிம்பில் சாய்க்கவே கூடாது. சுவரில் ஊன்றும் தாங்குகை பொருத்திய ஏணியே சரி. இதை வலியுறுத்துவதற்கு விழுவோம் என்ற பயம் மட்டும் காரணமில்லை. துத்தநாகம் பூசிய மெல்லிய இரும்புத் தகடு ஏணியின் பாரத்தில் கீழ்நோக்கி வளைகிறது, அந்த இடத்தில் சாய்மானம் போய்விடுகிறது, பிறகு எத்தனை தடவை சுத்தம் செய்தாலும் அங்கே ஒரு குட்டை நிற்கும். வீட்டுப் பணிப்பெண்ணை ஏற்றிவிடுவது எந்த உயரத்திலும் வேண்டாம்.

கையுறை, பிளாஸ்டிக் கரண்டி, கொக்கியில் தொங்கும் வாளி, தோட்டக் குழாய் போதும். இரும்புக் கரண்டி துத்தநாகப் பூச்சைக் கீறும்; கீறிய இடத்தில் துரு பிடிக்கும். இறங்கு குழாயின் வாய்ப் பக்கத்திலிருந்து தொடங்கி, அதிலிருந்து விலகியே அள்ளிக்கொண்டு போங்கள். குழாயை நோக்கி வண்டலைத் தள்ளினால் அடைப்பை நாமே உண்டாக்குகிறோம். அள்ளியதைப் பையில் கட்டிக் குப்பையில் போட வேண்டும். தீவின் மூன்றில் இரண்டு பங்கு நீர்ப்பிடிப்புப் பகுதி, நம் வாசல் வடிகாலில் ஓடுவது நீர்த்தேக்கத்துக்குத்தான் போகிறது.

பலர் அள்ளி முடித்ததும் இறங்கிவிடுகிறார்கள். அதற்குப் பிறகு செய்யும் சோதனைதான் முக்கியம். உயரமான முனையில் தோட்டக் குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர் ஓடும் வேகத்தைப் பாருங்கள். நிறுத்திக் கால் மணி நேரம் கழித்து எங்கே தண்ணீர் நிற்கிறதோ அங்கே சுண்ணக்கட்டியால் குறியுங்கள். அந்த இடத்தில் தாங்குபட்டை தொய்ந்திருக்கும், அல்லது இணைப்புப் பசை மேடு கட்டியிருக்கும். தொய்வு ஏன் வருகிறது என்று கணக்குப் போட்டால் புரியும்: 15 சென்டிமீட்டர் அகலத்தில் 10 சென்டிமீட்டர் ஆழம் தண்ணீர் நின்றால், ஒரு மீட்டர் நீளத்துக்கே 15 கிலோ. ஆறு மீட்டர் அடைபட்டால் 90 கிலோ, வண்டல் தனி. இணைப்பில் கசிவு இருந்தால் புளித்த வாடை அடிக்கும் சிலிக்கோனை வாங்காதீர்கள், அதிலிருந்து வெளியாகும் அமிலம் துத்தநாகத்தை அரிக்கும். நியூட்ரல் வகை என்று கேட்டு வாங்கி, உலர்ந்த தகட்டில் பூசுங்கள்.

இறங்கு குழாய் அடைத்திருந்தால் மேலிருந்து தண்ணீரை வேகமாகப் பாய்ச்சுவதுதான் எல்லாருக்கும் முதலில் தோன்றும். அது அடைப்பை இறுக்கும். கீழ்முனையிலிருந்து தோட்டக் குழாயை மேல்நோக்கி விட்டுப் பாருங்கள், அல்லது சுருள்கம்பியைச் சுழற்றிவிடுங்கள். வளைவில்தான் பெரும்பாலும் சிக்கியிருக்கும்: மைனா கட்டிய கூட்டின் வைக்கோல், பிளாஸ்டிக் கயிறு, இலை எல்லாம் சேர்ந்த உருண்டை.

இலைத்தடுப்பு வலை விற்பவர்கள் இனி ஏணியே வேண்டாம் என்பார்கள். மாமரம் மட்டும் இருக்கும் வீட்டில் வலை நன்றாக வேலை செய்கிறது. தூங்குமூஞ்சி மரத்தடியில் செய்வதில்லை. அதன் சிற்றிலைகள் கண்ணியில் பாய்போல் படிந்துவிடும். அங்சானா மரம் பூத்து ஒரே நாளில் கொட்டும் மஞ்சள் இதழும் அப்படித்தான். வலைக்குக் கீழே நிற்கும் தண்ணீர் கண்ணுக்கும் தெரியாது. இறங்கு குழாய் வாயில் வைக்கும் குமிழ் வடிகட்டி ஒன்றே போதும் என்பது என் முடிவு.

மாடிக்கூரைக்கு ஆள்தான். பக்கத்து வீட்டுப் பொதுச்சுவரை ஒட்டி, கைப்பிடிச் சுவருக்குள் மறைந்திருக்கும் பெட்டி வடிகாலுக்கும் ஆள்தான். அது நிரம்பினால் தண்ணீர் வெளியே வழியாமல் உள்கூரைக்குள் இறங்கும். மணிக்கு 100 மில்லிமீட்டர் வேகத்தில் மழை கொட்டினால் 40 சதுர மீட்டர் கூரையிலிருந்து நிமிடத்துக்கு 67 லிட்டர் வருகிறது. குழாய்வாய் அடைத்திருந்தால் சில நிமிடங்களில் உள்கூரைப் பலகை ஊறிவிடும்.

வருபவரிடம் விலைக்கு முன் சிலவற்றைக் கேளுங்கள். மூன்று மீட்டருக்கு மேல் விழ வாய்ப்புள்ள வேலைக்கு, உயரத்தில் வேலை செய்வதற்கான விதிகள்படி அனுமதி நடைமுறை உண்டு. பாதுகாப்புக் கயிற்றை எங்கே கட்டுவார், பயிற்சி பெற்றவரா, வேலைக் காய இழப்பீட்டுக் காப்புறுதி இருக்கிறதா? இவற்றுக்கு நேரடியாகப் பதில் வராவிட்டால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம். அடுத்து, அழுத்த நீர் அடிப்பாரா என்று கேளுங்கள். வீடு 1991க்கு முன் கட்டியதாக இருந்து, நெளிவுத் தகட்டுக் கூரையோ சிமென்ட் வடிகாலோ மாறாமல் இருந்தால் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கலாம். அதில் அழுத்த நீர் அடிப்பதும் சுரண்டுவதும் நுரையீரலைக் கெடுக்கும் நுண்ணிழைகளைக் கிளப்பிவிடும், மிதித்தால் தகடே உடையும். முதலில் ஆய்வு செய்ய வேண்டும்.

நாள் குறிக்கும்போது, வடகிழக்குப் பருவமழை டிசம்பரில் வலுக்கும் முன் நவம்பர் தொடக்கத்தில் ஒருமுறை, பிப்ரவரி வறட்சியில் கொட்டிய இலையை அள்ள மார்ச்சில் ஒருமுறை வரச் சொல்லுங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை சுமத்ரா புயல்காற்று விடிகாலையிலேயே வரும். அந்த மாதங்களில் ஏறும் முன் மைஎன்வி செயலியில் மழை வரைபடத்தைப் பார்த்துவிடுவது நல்லது. தொலைவில் இடி கேட்டாலே இறங்கிவிட வேண்டும்.

விலைப்பட்டியலில் மூன்று வரி இருக்கட்டும்: இறங்கு குழாய்களும் சேர்த்தி, கழிவை அவரே எடுத்துப்போவார், முடிந்தபின் ஒவ்வொரு பக்கத்துக்கும் முன்பின் படங்கள். தண்ணீர் விட்டுக் காட்டும் சோதனை முடிந்த பிறகே பணம். பெட்டி வடிகால் பக்கத்து வீட்டுக்கும் பொதுவானால் அவர்களையும் சேர்த்து ஒரே நாளில் அழையுங்கள். பாதி வடிகாலைச் சுத்தம் செய்தால் மறுபாதியின் வண்டல் அடுத்த மழையில் இந்தப் பக்கம் வந்துவிடும்.