சீன எழுத்து எழுதிப் பழக: ஆப்பா, கட்ட நோட்டா?

மகளைச் சீனப்பள்ளியில் சேர்த்த பிறகு நானும் கூடவே எழுதப் பழகினேன். மலேசியாவில் பல தமிழ்ப் பெற்றோருக்கு உள்ள சிக்கல்தான்: பிள்ளையின் வீட்டுப்பாடத்தில் எந்தக் கோட்டை முதலில் போட வேண்டும் என்று நமக்குத் தெரியாது. மூன்று வழிகளைப் பார்த்தேன். வெளிர் சிவப்பில் அச்சடித்த எழுத்தின் மேலேயே எழுதும் பயிற்சி நூல், ஸ்க்ரிட்டர் மாதிரி கைபேசி ஆப், ஒவ்வொரு கட்டத்தையும் நான்காகப் பிரித்த வெற்று நோட்டு. இப்போது நான் நோட்டுப் பக்கம்.

விலையைப் பற்றி நீட்ட வேண்டாம். நோட்டும் நூலும் மலிவு, ஸ்க்ரிட்டருக்குச் சந்தா. ப்ளெக்கோ என்ற சீன அகராதி ஆப் இலவசம், கோட்டு வரிசை காட்டும் படங்களுக்குத் தனிக் காசு. பயிற்சி நூல் ஆரம்பத்தில் கை பழக உதவும், அவ்வளவுதான். அச்சுக்கோட்டின் மேலேயே பேனா போவதால் எதையும் நினைவில் வைக்கத் தேவையில்லை.

வரிசையைக் கற்றுத் தருவதில் ஆப்பை மிஞ்ச எதுவும் இல்லை. மேலிருந்து கீழ், இடமிருந்து வலம், கிடைக்கோட்டுக்குப் பிறகு குத்துக்கோடு என்ற பொது விதிகள் எங்கும் கிடைக்கும். மற்றவைதான் தொல்லை. 'நீர்' எழுத்தில் நடுவிலுள்ள கொக்கிக்கோடு முதலில், பக்கங்கள் பிறகு. 'நெருப்பு' எழுத்திலோ இரு பக்கக் கீற்றுகள் முதலில், நடு வடிவம் பிறகு. 'நாடு' எழுத்தில் பெட்டியின் மூன்று பக்கங்களைப் போட்டு, உள்ளே இருப்பதை முழுக்க எழுதி, கடைசியில்தான் அடிக்கோட்டால் மூட வேண்டும். மாற்றி இழுத்தால் ஆப் அங்கேயே ஏற்க மறுக்கும். நோட்டில் பெட்டியை முன்னதாகவே மூடிவிட்டாலும், முடிந்த எழுத்தைப் பார்த்து யாரும் கண்டுபிடிக்க முடியாது.

சரி, பிறகு ஏன் நோட்டு? ஆப் கொடுக்கும் உதவிதான் காரணம். சில முறை தப்பினால் அடுத்த கோடு எங்கே வர வேண்டும் என்று அதுவே மின்னிக் காட்டும். 'நான்' என்று பொருள்படும் 'வோ' எழுத்தைப் பாருங்கள். மொத்தம் ஏழு கோடுகள். ஐந்தாவது, மேலிருந்து வலப்புறமாகச் சாய்ந்து இறங்கி நுனியில் கொக்கியாகத் திரும்பும் நீண்ட கோடு. அது குட்டையானால் அதை வெட்டிப் போக வேண்டிய ஆறாவது கோட்டுக்கு இடம் இருக்காது. ஆப்பில் திசை ஓரளவு சரியாக இருந்தால் போதும், அரைகுறைக் கோட்டையும் அச்சுக்கோடாக மாற்றி உரிய இடத்தில் வைத்துவிடும். நோட்டில் குட்டையாகப் போட்டது குட்டையாகவே நிற்கும். கட்டத்தின் நடுக்கோட்டை வைத்து எங்கே தவறியது என்று பார்த்துத் திருத்தலாம்.

பள்ளியில் 'திங்ஷியெ' என்கிற சொல்வதெழுதலில் ஆசிரியர் வாசிப்பார், பிள்ளை எந்த உதவியும் இல்லாமல் எழுத வேண்டும். பார்த்து அறிவது வேறு, கையால் எழுதுவது வேறு. கைபேசியில் பின்யின், அதாவது சீன ஒலிப்பை ஆங்கில எழுத்தில் எழுதும் முறையில், தட்டிப் பழகிய சீனர்களுக்கே பேனா எடுத்தால் எழுத்து மறந்துபோகிறது. வெளிநாட்டவருக்காக 2021இல் சீனா வெளியிட்ட சீனமொழித் தேர்ச்சித் தரநிலையும் 3000 எழுத்துகளை அறியச் சொல்கிறது, கையால் எழுத 1200 போதும் என்கிறது.

அதனால் எங்கள் வீட்டில் ஆப் வரிசையைப் பார்க்க மட்டும். அசைபடத்தைப் பார்த்து, மூடிவைத்து, நோட்டில் சில தடவை. அப்புறம் பக்கத்தைத் திருப்பி, பின்யினை மட்டும் வைத்து எழுதுவது. மறுநாளும் அடுத்த வாரமும் அதே. எழுதும்போது ஹெங், ஷு, ப்பியெ, நா என்று கோட்டின் பெயரை வாய்விட்டுச் சொன்னால், பக்கத்தில் இருப்பவர் வரிசைத் தவறைப் பிடித்துவிடலாம்.

ஆப்போ காணொளியோ, சீனப் பெருநிலத்தின் வரிசையைத்தான் காட்டுகிறதா என்று பாருங்கள். 'அரசன்' எழுத்தில் சீனாவில் இரண்டு கிடைக்கோட்டுக்குப் பிறகு குத்துக்கோடு, ஜப்பானில் முதல் கிடைக்கோட்டுக்குப் பிறகே.

நான் எழுதுவது சில நூறு எளிய வடிவ எழுத்துகள்தான். தைவானின் பழைய வடிவத்தையோ தூரிகையையோ தொட்டதில்லை. ஆயிரக்கணக்கில் போகிறவருக்கு, எதை எப்போது திரும்ப எழுத வேண்டும் என்று ஆப்பே கணக்கு வைத்துத் தருவது நோட்டைவிடப் பெரிய உதவியாக இருக்கலாம்.