இணையமே கேட்காத கீபோர்டு: ஹெலிபோர்டு, நான்கு மாதம் பயன்படுத்திய பிறகு

பாளையங்கோட்டையில் சின்னதாக ஒரு டிடிபி கடை வைத்திருக்கிறேன். பட்டா மாறுதல், வாரிசுச் சான்றிதழ் என்று வருகிறவர்களுக்கு விண்ணப்பம் அடித்துக் கொடுப்பேன். கரண்ட் போனால் போனிலேயே அடித்துவிடுவேன். ஆதார் எண், பேங்க் கணக்கு எண் எல்லாம் என் விரல் வழியாகத்தான் போகும்.

மூன்று வருடமாக ஓர் இலவசத் தமிழ் கீபோர்டு வைத்திருந்தேன். டேட்டா ஏன் இவ்வளவு சீக்கிரம் தீர்கிறது என்று ஒருநாள் செட்டிங்ஸில் பார்த்தால், கீபோர்டு மட்டும் அந்த மாதம் 212 எம்பி இழுத்திருக்கிறது. எழுத்து அடிக்கிற சாமானுக்கு எதற்கு இணையம்? கான்டாக்ட்ஸ், லொகேஷன் என்று எல்லாவற்றுக்கும் அனுமதி வேறு. கொடுத்தது நான்தான். அந்த 212 எம்பியில் விளம்பரம் எவ்வளவு, நான் அடித்தது எவ்வளவு என்று கண்டுபிடிக்க எனக்கு வழியில்லை.

2017 டிசம்பரில் ஏஐ.டைப் என்ற கீபோர்டின் தரவுத்தளம் பாஸ்வேர்டுகூட இல்லாமல் இணையத்தில் திறந்து கிடந்தது வெளியே வந்தது. 3 கோடிக்கும் மேற்பட்டவர்களின் விவரம். அவர்கள் போனில் சேமித்து வைத்திருந்த அடுத்தவர் எண்களும் அதில் இருந்தன. என் விவரத்தைக் கொடுத்து ஒன்றை இலவசமாக வாங்கினால் அது என் பாடு. என்னை நம்பிக் கணக்கு எண் சொல்கிற ஆச்சியின் விவரத்தைக் கொடுக்க நான் யார்?

அப்புறம்தான் எஃப்-டிராய்டு என்ற இலவச ஆப் தளத்திலிருந்து ஹெலிபோர்டை இறக்கினேன். இதுவும் இலவசம்தான். ஆனால் இதன் மூலநிரலை யார் வேண்டுமானாலும் திறந்து படித்துப் பார்க்கலாம், விளம்பரம் இல்லை, இணைய அனுமதியையே கேட்பதில்லை. 'நீங்கள் அடிப்பதையெல்லாம் சேகரிக்கக்கூடும்' என்ற எச்சரிக்கை இதை ஆன் செய்யும்போதும் வரும். பயப்பட வேண்டாம், வெளியிலிருந்து போடும் எந்தக் கீபோர்டுக்கும் ஆண்ட்ராய்டு அதைக் காட்டும். இதற்கு வெளியே அனுப்பத்தான் வாசல் கிடையாது.

குறையும் உண்டு. ஆங்கில எழுத்தில் அடித்தால் தமிழாக மாறும் வசதி இல்லை. தங்கிலீஷ் பழகிய என் தம்பி இரண்டே நாளில் விட்டுவிட்டான். விரலை இழுத்து எழுத வேண்டுமென்றால் அதற்கான கோப்பைத் தனியாகத் தேடிச் சேர்க்க வேண்டும். எனக்கும் முதல் வாரம் புள்ளியைத் தேடியே நேரம் போனது.

இப்போது பழைய வேகத்தில் முக்கால்வாசி வந்துவிட்டது. கடைப் போனில் இனி இதுதான்.