பூனையின் மூர்க்கத்துக்கு மருந்து: ஃப்ளூஆக்ஸெட்டினா, கேபாபென்டினா?

எங்கள் கடுவன் பூனை, கூட வளரும் பெட்டையைக் கண்டாலே பாய்ந்து குதற ஆரம்பித்தபோது, கால்நடை மருத்துவர் எடுத்தவுடன் மருந்து எழுதவில்லை. பல்வலி, மூட்டுவலி, தைராய்டு மிகைச் சுரப்பு இவற்றில் எதுவும் பூனையை மூர்க்கமாக்கும் என்பதால் முதலில் பரிசோதனைகள். உடம்பில் கோளாறு இல்லை என்று உறுதியான பிறகே இரண்டு மருந்துகளைச் சொன்னார்: மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் தரும் ஃப்ளூஆக்ஸெட்டின், வலிக்கும் வலிப்புக்கும் தரும் கேபாபென்டின். நாங்கள் ஃப்ளூஆக்ஸெட்டினைத் தேர்ந்தெடுத்தோம். இன்று கேட்டாலும் அதையே சொல்வேன்.

கேபாபென்டின் வேகமானது. கொடுத்த இரண்டு மூன்று மணி நேரத்தில் பூனை தளர்ந்துவிடும். மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லும் நாளுக்கு அருமையான மருந்து. சில பூனைகள் தள்ளாடும்; சிறுநீரகம் பழுதடைந்திருந்தால் அளவைக் குறைக்க வேண்டும்.

ஃப்ளூஆக்ஸெட்டின் நிதானமாக வேலை செய்வது. முழுப் பலன் தெரிய நான்கு முதல் ஆறு வாரம் ஆகலாம். தொடக்கத்தில் பசி மந்தப்படும். இதை அலட்சியப்படுத்தக் கூடாது. பட்டினி கிடக்கும் பூனைக்குக் கல்லீரலில் கொழுப்பு படியும்.

ஆனால் எங்கள் முடிவைத் தீர்மானித்தது மருந்தை ஊட்டும் பாடுதான். கேபாபென்டினின் வீரியம் சில மணி நேரத்தில் இறங்கிவிடுவதால், அன்றாடச் சண்டைக்கு அதை நம்பினால் ஒரு நாளில் இரண்டு மூன்று வேளை கொடுக்க வேண்டும். ஏற்கெனவே சீறும் பூனையின் வாயைத் திறப்பது ஒவ்வொரு முறையும் ஒரு புதிய பகை. நம்மைக் கண்டால் கட்டிலுக்கடியில் ஒளியும் பூனையிடம் எந்தப் பழக்கத்தையும் மாற்ற முடியாது. ஃப்ளூஆக்ஸெட்டின் நாளுக்கு ஒரே வேளை. உடம்பில் நீண்ட நேரம் தங்குவதால் ஒரு வேளை தவறினாலும் உடனே எல்லாம் குலைந்துவிடாது. நாங்கள் மீன் துண்டில் பொதிந்து கொடுத்தோம், பிடித்து அமுக்க வேண்டிய தேவையே வரவில்லை. இதே ஃப்ளூஆக்ஸெட்டினைக் காதில் தடவும் களிம்பாகக் கொடுப்பது சுலபம்போலத் தோன்றும். ஆனால் வாய்வழி மருந்தோடு ஒப்பிட்டால் அதில் உடம்பில் சேர்வது மிகச் சொற்பம்.

மனிதர்களுக்கான 10 மில்லிகிராம் ஃப்ளூஆக்ஸெட்டின் காப்ஸ்யூல் ஒரு பூனைக்கு மிக அதிகம். அளவை மருத்துவர்தான் குறிக்க வேண்டும்.

கேபாபென்டினை மாதக்கணக்கில் கொடுத்துப் பார்த்த அனுபவம் எனக்கில்லை. வலியும் சேர்ந்த வயதான பூனைக்கு அதுவே பொருந்தக்கூடும். எதை எடுத்தாலும் முதல் வாரங்களில் இரண்டு பூனைகளையும் தனித்தனி அறைகளில் வையுங்கள். நீண்ட நாள் கொடுத்த ஃப்ளூஆக்ஸெட்டினைத் திடீரென நிறுத்தாமல், மருத்துவர் சொல்படி படிப்படியாகக் குறையுங்கள்.