சின்ன நிரல்மொழி பெரிய கூட்டத்தைத் தேடிப் போகலாமா?

போன மாதம் சிங்கப்பூரின் தேக்கா உணவங்காடியில் உட்கார்ந்திருந்தோம். என்னோடு வேலை பார்க்கும் தம்பி ஒருவர், முன்னால் இருந்த தோசை ஆறிப்போவதைக்கூடக் கவனிக்காமல் கேட்டார். "அண்ணே, எலிக்சர் நல்ல மொழின்னு ஓயாம சொல்றீங்க. அப்புறம் ஏன் அதுல எழுத ஆளே கிடைக்க மாட்டேங்குது? பைத்தான் மாதிரி எல்லார்கிட்டயும் போய்ச் சேரணும்னு அவங்க நினைக்க வேண்டாமா?" அன்று நான் அவருக்கு அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன். மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

முதலில் கூட்டமே வேண்டாம் என்று இருக்கும் மொழிகள். இதற்கு ஹாஸ்கலைவிட நல்ல உதாரணம் கிடையாது. அதன் முதல் வரையறை 1990இல் வந்தது. அதை உருவாக்கியவர்களில் ஒருவரான சைமன் பெய்டன் ஜோன்ஸ் அடிக்கடி எடுத்துச் சொல்லும் முழக்கம் ஒன்று உண்டு. மேலோட்டமாகக் கேட்டால் "எப்பாடு பட்டாவது வெற்றியைத் தவிர்த்துவிடு" என்பதுபோல் இருக்கும். உள்ளே இருக்கும் பொருள் வேறு: எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்துத்தான் வெற்றி வரும் என்றால், அந்த வெற்றி வேண்டாம். நான் இந்த இரண்டாவது பொருளை முழுமனதோடு ஏற்கிறேன். 2015இல் ஹாஸ்கலின் முக்கியக் கம்பைலரான (நிரலைக் கணினி ஓட்டக்கூடிய வடிவுக்கு மாற்றும் கருவி) ஜிஎச்சியில், மோனாட் என்கிற அடிப்படை அமைப்பு எதன்மேல் நிற்க வேண்டும் என்பதையே மாற்றினார்கள். பழைய நிரல்கள் பல உடைந்தன. ஆட்கள் கொஞ்சம் முணுமுணுத்தார்கள், திருத்திக்கொண்டார்கள், வேலை நடந்தது. தெருவில் பத்து வீடுதான் இருந்தால் தெருவையே திருப்பிப் போடலாம்.

அந்தச் சுதந்திரத்தின் பலன் ஹாஸ்கல்காரர்களோடு நின்றுவிடவும் இல்லை. பைத்தானில் எல்லோரும் ஒற்றை வரியில் பட்டியல் உருவாக்குகிறோமே, அந்த வசதி 2000இல் ஹாஸ்கலைப் பார்த்து வந்ததுதான். வெவ்வேறு வகைத் தரவுகளுக்குப் பொதுவான செயல்களை வரையறுக்க ரஸ்ட் மொழியில் இருக்கும் டிரெய்ட்டும் ஹாஸ்கலின் டைப் கிளாஸிலிருந்து கிளைத்தது. இங்கே சிங்கப்பூரிலும் ஹாஸ்கல் சும்மா இல்லை. ஸ்டாண்டர்ட் சார்ட்டர்ட் வங்கி தன் நிதிக் கணக்கீடுகளுக்கு ஹாஸ்கலையும் 'மு' என்ற அதன் கிளைமொழியையும் பல வருடமாக வைத்திருக்கிறது.

எதிர்ப்பக்கம் பைத்தான். 1991இல் கிடோ வான் ரோசம் வெளியிட்டது. இன்று பள்ளி மாணவரிலிருந்து செயற்கை நுண்ணறிவு ஆய்வாளர்வரை எல்லோர் கையிலும் இருக்கிறது. இது பெரிய வரம், குறைத்துச் சொல்ல மாட்டேன். இரவு 11 மணிக்கு ஒரு பிழையில் மாட்டிக்கொண்டால் உலகில் யாரோ ஒருவர் அதே பிழைக்குப் பதில் எழுதி வைத்திருப்பார். ஆனால் கூட்டத்துக்கு ஒரு விலை இருக்கிறது. அதைத் தமிழ் எழுதுகிறவர்கள் நேராகவே பார்த்திருக்கிறோம். யுடிஎஃப்-8 என்ற முறையில் (இதில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட் எடுக்கும்) சேமித்த கோப்பில் 'தமிழ்' என்று சாதாரணமாக எழுதி அதன் நீளத்தைப் பைத்தான் 2இடம் கேட்டால் 15 என்று சொல்லும். அது எழுத்தை எண்ணவில்லை, கணினி சேமிக்கும் சிறு அலகான பைட்டை எண்ணியது. இதைச் சரிசெய்யத்தான், மற்ற காரணங்களோடு, 2008 டிசம்பரில் பைத்தான் 3 வந்தது. திருத்தம் சரியானது, அவசியமானது. ஆனாலும் பழைய வெர்ஷனுக்கான ஆதரவை நிறுத்த 2020 ஜனவரி 1 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அத்தனை பேரை ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குக் குடிமாற்ற 11 வருடத்துக்கு மேல் ஆனது.

அப்படியானால் சிறிதாக இருப்பதே மேல் என்று முடித்துவிடலாமா? முடியாது. எல்ம் எனக்குக் கற்றுக்கொடுத்தது அதுதான்.

எல்ம் இணையப் பக்கங்களுக்கான மொழி, 2012இல் வந்தது. அதன் பிழைச்செய்திகளைப் படித்தால் பக்கத்தில் உட்கார்ந்து ஒருவர் பொறுமையாகச் சொல்லித் தருவதுபோல் இருக்கும். அப்போது நான் இருந்த சிறு நிறுவனத்தில், சரக்கு எங்கே போகிறது என்று காட்டும் திரைகளை அதில் எழுதினோம். கோப்பு ஏற்றும் வேலைக்கு மட்டும் உள்ளே கொஞ்சம் ஜாவாஸ்கிரிப்டை, அதாவது உலாவிகளின் வழக்கமான மொழியை, நேரடியாகச் சொருகியிருந்தோம். 2018 ஆகஸ்டில் எல்மின் 0.19 வெர்ஷன் வந்தது, அந்த வழியை அடைத்துவிட்டது. மொழியின் சொந்தத் தொகுப்புகளைத் தவிர வேறு யாரும் அப்படிச் செய்ய முடியாது. மொழி தூய்மையாக இருக்க வேண்டும் என்ற நோக்கம் எனக்குப் புரிந்தது. ஆனால் எங்கள் குழுவில் எல்ம் தெரிந்தவர்கள் இரண்டே பேர், அதில் ஒருவர் கிளம்பிவிட்டார். மூன்று வாரம் மல்லுக்கட்டிவிட்டு எல்லாவற்றையும் வேறு மொழியில் திரும்ப எழுதினேன். 2019 அக்டோபரில் 0.19.1 வந்த பிறகு பல ஆண்டுகள் கம்பைலரில் புது வெர்ஷனே இல்லை. சிறு மொழியில் மாற்றம் எளிது, சரி. ஆனால் அதன் சுமை யார் தலையில் இறங்குகிறது என்று கேட்டால், அதை நம்பி வந்த சிலரின் தலையில்தான்.

கூட்டத்தை நல்லபடியாகச் சேர்த்த மொழி ஒன்றும் இருக்கிறது. ரஸ்ட் 2015 மே மாதம் 1.0 வெர்ஷனுக்கு வந்தபோது, இனி பழைய நிரலை உடைக்க மாட்டோம் என்று வாக்குக் கொடுத்தது. மாற்றம் தேவைப்பட்டால் 2018, 2021, 2024 என்று பதிப்புகளாகப் பிரித்தது. ஒரே திட்டத்துக்குள் ஒரு தொகுப்பு பழைய பதிப்பிலும் இன்னொன்று புதிய பதிப்பிலும் இருக்கலாம். பைத்தான் பட்ட பாடு இங்கே இல்லை. புதியவர்களுக்காகப் பிழைச்செய்திகளைத் திருத்தி எழுதியபோது எல்மிடமிருந்து கற்றதை வெளிப்படையாகச் சொன்னார்கள். விளம்பரத்தைவிட, புதிதாக வருகிறவர் எங்கே தடுக்கி விழுகிறார் என்று பார்த்து அந்த இடத்தைச் சமப்படுத்திய வேலைதான் ஆட்களைத் தங்க வைத்தது என்று நினைக்கிறேன். ஆனால் ரஸ்டுக்கு ஃபயர்ஃபாக்ஸ் உலாவியை உருவாக்கும் மொசில்லாவின் ஆதரவு இருந்தது, 2021இல் அறக்கட்டளை அமைந்தபோது அமேசானும் கூகலும் மைக்ரோசாஃப்ட்டும் பக்கத்தில் நின்றன. எல்லாச் சிறு மொழிக்கும் அந்த வாய்ப்பு அமையாது.

எனக்கு நெருக்கமான வழி எர்லாங் போன வழி. 1986இல் ஸ்வீடனின் தொலைத்தொடர்பு நிறுவனமான எரிக்சனில் ஜோ ஆர்ம்ஸ்ட்ராங்கும் சகாக்களும் தொலைபேசி இணைப்பகங்களுக்காகத் தொடங்கியது. ஓர் இணைப்பு அறுந்தால் மற்றவை அறுந்துவிடக் கூடாது, அவ்வளவுதான் அவர்கள் கவலை. அதனால் பிழை வராமல் பார்ப்பதைவிட, பிழை வந்த துண்டு மட்டும் விழுந்து தானாக எழுந்துகொள்ளும்படி மொழியைக் கட்டினார்கள். 1998இல் எரிக்சனின் ஒரு பிரிவே புதிய பொருள்களில் அதைப் பயன்படுத்தக் கூடாது என்று சொல்லிவிட்டது. அதே ஆண்டு டிசம்பரில் அது திறமூலமாக, அதாவது யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி, வெளியே வந்தது. வாட்ஸ்அப் அதை எடுத்துக்கொண்டது. ஃபேஸ்புக் 2014இல் 19 பில்லியன் டாலருக்கு வாட்ஸ்அப்பை வாங்க முன்வந்தபோது, ஐம்பதுக்கும் குறைவான பொறியாளர்கள் கோடிக்கணக்கான ஆட்களின் செய்திகளை ஓடவைத்துக்கொண்டிருந்தார்கள். எர்லாங் தன் எழுத்துநடையை யாருக்காகவும் மாற்றவில்லை. ஜோசே வாலிம் என்பவர், எர்லாங் நிரல்களை ஓட்டும் அதே மென்பொருள் இயந்திரத்தின்மேல் எலிக்சர் என்று புதிதாக ஒன்றைக் கட்டினார், விரும்பியவர்கள் அந்த வாசல் வழியாக வந்தார்கள். உள்ளே இருக்கும் உறுதி அப்படியே இருக்கிறது.

ஆள் கிடைப்பதில்லை என்று தம்பி சொன்னது உண்மை. அதற்கு நான் கண்ட ஒரே வழி, எலிக்சர் தெரிந்தவரைத் தேடாமல், நன்றாக யோசிக்கிறவரை எடுத்து நாமே சொல்லித் தருவது. எங்கள் குழுவில் மூன்று பேருக்குச் சொல்லித் தந்திருக்கிறேன். இரண்டு மாதத்துக்குள் தயாராகிவிட்டார்கள். ஆனால் குறைந்தது நான்கு பேருக்காவது தெரிந்திருக்க வேண்டும் என்று மேலாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். எல்ம் தந்த பயம் அது.

அன்று தேக்காவில் கடைசியாக மடிக்கணினியைத் திறந்து 'தமிழ்' என்று தட்டினேன். பைத்தான் 3 நீளம் 5 என்றது. ம-வையும் அதன் கொக்கியையும், ழ-வையும் அதன் புள்ளியையும் தனித்தனியாக எண்ணியிருந்தது. பிறர் எழுதி வைத்த தனி லைப்ரரி (துணை நிரல்) ஒன்றைச் சேர்த்தால் பைத்தானும் சரியாக எண்ணும், அதையும் சொன்னேன். அடுத்து எலிக்சரிடம் கேட்டேன். 3 என்றது. தம்பி விரல் விட்டு எண்ணிப் பார்த்தார்: த, மி, ழ். ஆறிப்போன தோசையை அப்புறம்தான் பிய்க்கத் தொடங்கினார். "சரிண்ணே, திங்கட்கிழமை எனக்கும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்க" என்றார்.